பத்தாம் கோடு

கல்லூரி லேபிலிருந்து
நூறு மில்லி சிலிண்டர் ஒன்றை
கையெழுத்துப் போடாமல் எடுத்துவந்தேன்.
பத்தாம் கோடு வரை தண்ணீர்.
மிச்சத்துக்கு பெட்ரோல்.
மூடி, குலுக்கி, வெயிலில் தூக்கிப் பிடித்தால்
தண்ணீர் தான் குடித்ததைச் சொல்லிவிடும்.

காரைக்குடியில் மூன்று பங்க்,
பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை ரஸ்தா.
எங்கே குலுக்கினாலும்
கோடு இருபத்தெட்டுக்கு ஏறி நின்றது.
"எல்லாத்துலயும் ஸ்பிரிட்டுத்தான் சார்,
நாங்களா ஊத்துறோம்?" என்றாள்
பங்கில் நிற்கும் பூமயில்.
எனக்குப் பின்னால் ஒரு டி.வி.எஸ். ஐம்பது
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

வண்டி ஃபியட். அறுபத்தொன்பது மாடல்.
புதுவயலில் மூடிய ரைஸ்மில்லில்
தவிட்டுக்குள் கிடந்ததை
எண்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கினேன்.
கதவை அறைந்து சாத்தினால் இன்னும் தவிடு பறக்கும்.
கழனிவாசல் சிக்கந்தர்
கார்புரேட்டரைக் கழற்றி
என் உள்ளங்கையில் தட்டினான்:
மிளகுத்தூள் மாதிரி, கறுப்பாய்.
"ஹோஸ் கரையுது. டயாப்ரம் உப்பிருச்சு.
இதுக்குக் கலப்பு ஆகாது."

கலப்பில்லாதது நூறு ஆக்டேனில்தான் உண்டாம்.
இந்தக் கிழட்டு இன்ஜின்
எண்பது போட்டாலே ஏப்பம் விடும்.
அந்த நூறும் மதுரையில்தான்.
தொண்ணூறு கிலோமீட்டர்,
லிட்டருக்குப் பன்னிரண்டு:
போக ஏழரை, வர ஏழரை.
சனிகூட ஒரு சமயத்தில்
ஒரு ஏழரைதான் கேட்பார்.

வெறும் வண்டியாய் ஓட்ட மனசில்லை.
ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில்
மாலை கழற்றாமல் நின்ற இருவரை
பாதி வாடகைக்கு ஏற்றிக்கொண்டேன்.
உமையாள். ஜெரால்டு.
சாட்சிக்கு வந்தவர்களுக்கு டீ வாங்கிய சில்லறை
இன்னும் அவன் கையிலேயே இருந்தது.
அவளுக்குக் கானாடுகாத்தானிலிருந்து
போன் வந்துகொண்டே இருந்தது.
எடுக்கவில்லை.

குன்றக்குடி தாண்டியதும் நான் வாயைத் திறந்தேன்.
"நம்ம வண்டிக்குக் கலப்பே ஒத்துக்காதுங்க.
கலந்தா உள்ளுக்குள்ள எல்லாம் கெட்டுப்போகும்.
சுத்தமா இருந்தாத்தான் ஆயுசு."
பின் சீட்டில் பேச்சு நின்றது.
கண்ணாடியில் பார்த்தேன்:
இரண்டு மாலை, இரண்டு ஜன்னல்.
"பெட்ரோலைச் சொன்னேன்" என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திருப்பத்தூருக்கு முன்னால், ஒரு மணி வெயிலில்,
இருமி, இழுத்து, நின்றுவிட்டது.
பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருந்தது.
பானெட்டைத் தூக்கி, ஈரத்துணி வேண்டும் என்றேன்.
உமையாள் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள்.
அவன் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவி
நனைத்துப் பிழிந்து
பம்பைச் சுற்றி அவளே கட்டினாள்.
"எங்க அப்பச்சி வீட்டுல
பர்மாத் தேக்கு, இத்தாலிக் கல்லு,
பெல்ஜியம் கண்ணாடி,
சுவத்துக்குள்ள சுண்ணாம்பும் முட்டையும்."
முடிச்சை இறுக்கினாள்.
"எல்லாம் கலந்ததுதான்.
இன்னும் ஒரு விரிசல் விடல."
என்னிடம் சொன்னாளா,
மறுபடி அடிக்கத் தொடங்கிய போனிடமா, தெரியாது.

இருபது நிமிடம் புளியமரத்தடி.
ஜெரால்டு எனக்கும் ஒரு முறுக்கு கொடுத்தான்.
நாலாவது தடவையில் இன்ஜின் பிடித்தது.

ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது
வாடகையில் நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
துண்டைக் கேட்க அவர்களும் மறந்தார்கள்,
கொடுக்க நானும்.

பங்கில் முதல் வேலையாகச் சிலிண்டர்.
குலுக்கினேன். வெயிலில் பிடித்தேன்.
பத்திலேயே நின்றது கோடு.
கீழே தண்ணீர், மேலே பெட்ரோல்,
நடுவே பிளேடால் கீறினாற்போல் ஒரு விளிம்பு.
இரண்டு வாரமாய்த் தேடியது இதைத்தான்.
ஏனோ
இன்னொரு தடவை குலுக்கிப் பார்த்தேன்.

"டேங்க்ல பழசு கிடக்கே அண்ணே,
வடிச்சிரவா?"
பையன் கேட்டான்.

கிடக்கட்டும்.
அதுமேலேயே ஊத்து.